பீரோ பூட்டு வைத்த கம்ப்யூட்டர்

வில்லியனூரில் தேர் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற தெருவில், சாக்கடைக்கு மேல் போட்ட கல் மூன்று இடத்தில் உடைந்திருந்தது. மூன்றிலும் என் நாத்தனார் கால் விட்டிருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு தடவை என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நான் கல்யாணமாகி வந்த முதல் வருஷத்திலேயே ஐந்து தடவை அவர் கணுக்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டேன். கல் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். அவருக்கும் தெரியும். தெரிந்து என்ன பயன், குனிந்து பார்த்து நடந்தால்தானே.

அவருக்குப் பெயர் இருந்தது. சொன்னால் முகம் சுளிக்க ஊரில் இன்றைக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன். ஊர் அவரை டைப் அம்மா என்றது. முப்பத்தேழு வயதாகியும் கல்யாணம் ஆகாதவரை அம்மா என்று கூப்பிடுவதில் ஊருக்கு ஒரு சின்னத் திருப்தி இருந்திருக்க வேண்டும். நான் அக்கா என்பேன். வீட்டின் முன்கூடத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். எட்டு மிஷின். எட்டிலும் எழுத்துகளின் மேல் கறுப்பு எனாமல் பெயிண்ட் அடித்திருந்தார், இரும்பு கேட்டுக்கு அடிக்கிற அதே பெயிண்ட். புதிதாகச் சேர்கிற பெண் உட்கார்ந்து, கறுகறுவென்று நிற்கிற வரிசைகளைப் பார்த்துவிட்டு, எழுத்து எங்கே என்று கேட்கும். உன் விரலில் இருக்கிறது என்பார் அக்கா. பெயிண்ட் அடித்த பிறகும் பழக்கதோஷத்தில் யாராவது குனிந்தால், ஒரு துண்டை எடுத்து வந்து கைகளின் மேல் போர்த்திவிடுவார்.

"கீழ இன்னாத்தடி தேடற? உன் கை எங்கியும் ஓடிப்போயிடாது. மேல பாரு."

மிஷினோடு நிறுத்தியிருந்தால் எனக்கென்ன. அடுக்களையிலும் அதே சட்டம்தான். என் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பீன்ஸ் நறுக்குவார். எனக்குத்தான் பயத்தில் கண் அவர் கத்திக்குப் போகும். சாம்பாரில் உப்புப் போட்டாயிற்றா என்று சட்டியைப் பார்க்கவும் மாட்டார், நாக்கில் வைத்தும் பார்க்க மாட்டார். கைக்கு ஞாபகம் இருக்குமாம். வாரத்தில் இரண்டு நாள் கை மறந்துவிடும், நாங்கள் இரண்டு பேரும் உப்புக்கரிக்கிற சாம்பாரைப் பேசாமல் சாப்பிட்டு எழுந்திருப்போம். வாசலில் அவர் போட்ட கோலத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அவரைப் பெண் பார்க்க வந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். பாகூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருக்கிறார்கள். காப்பித் தட்டோடு வந்தவர் மாப்பிள்ளையை ஒரு பார்வை, மாப்பிள்ளையின் அம்மாவை ஒரு பார்வை, கூட வந்த மாமாவை ஒரு பார்வை என்று வரிசையாகப் பார்த்திருக்கிறார். பெண் தலையே குனியவில்லையே என்று அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டிருக்கிறாள். குனிந்தால் காப்பி எப்படி இருக்கிறது என்று தெரியும், மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்று தெரியாதே என்று இவர் பதில் சொன்னாராம். அவர்கள் பஜ்ஜியை முடித்துவிட்டு எழுந்துபோனார்கள். அதற்குப் பிறகு வந்த இரண்டு வீட்டாரும் பஜ்ஜி வரைக்கும்தான் உட்கார்ந்தார்கள். என் மாமியார் அந்தக் கவலையோடே கண்ணை மூடினார்.

இதையெல்லாம் இப்போது எழுதும்போது ரசித்து எழுதுகிறேன். அப்போது ரசிக்கவில்லை. எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல்தான். நான் குருவிநத்தத்தில் பிறந்து, தலையைக் குனிந்தே வளர்ந்து, குனிந்தபடியே தாலி கட்டிக்கொண்டவள். எங்கள் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஸ்டோர் குமாஸ்தா. கல்யாணமான நாற்பதாம் நாள் பிரான்சுக்குத் திரும்பிப் போனார். எனக்குப் பேப்பர் வந்ததும் நானும் போவேன் என்று ஏற்பாடு. பேப்பர் வந்தபாடில்லை. பகலெல்லாம் முன்கூடத்தில் எட்டு மிஷினும் தடதடக்கும், நான் உள்ளே தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காதை வைத்துக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தத் தடதடப்பு குறைய ஆரம்பித்தது. புதுச்சேரி டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் திறந்துவிட்டார்கள். பஸ் ஏற விட்ட வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அங்கே போய்விட்டன. ஆறு பேட்ச் இருந்த இடத்தில் இரண்டு பேட்ச் ஆனது. அதிலும் வந்ததெல்லாம் அப்பாவோ அண்ணனோ டவுனுக்கு அனுப்பாத பெண்கள்தான். அந்தச் சமயத்தில் கம்யூன் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து ஒரு செய்தி வந்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இருபது பேருக்கு கம்ப்யூட்டர் கற்றுத்தர அரசாங்கம் ஓர் இடம் தேடுகிறது, இடத்தில் ஓடுகிற நிலையில் ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும், அதிகாரி வந்து சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து விழுந்தால் இன்ஸ்டிடியூட் பிழைக்கும். விழாவிட்டால் எட்டு மிஷினையும் எடைக்குப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்த வேண்டியதுதான்.

சாத்திவிட்டால் என்ன, வீட்டோடு நிம்மதியாக இருங்களேன் என்று நான் வாயைக் கொடுத்தேன்.

"வூட்டோட இருந்து இன்னா பண்றது? உன் பக்கத்துல ஒக்காந்து நானும் தபால்காரனுக்குக் காத்துனு கெடக்கட்டா?"

இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை. அவர் சொன்னது நிஜம் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கம்பெனி செய்த கம்ப்யூட்டரின் விலையைக் கேட்டு வந்த அன்றைக்கே, தானே கட்டிவிடுவது என்று அக்கா முடிவு செய்துவிட்டார். மிஷின் எட்டையும் கழற்றி மாட்டுகிறவர் அவர். ஸ்க்ரூ இருக்கிற எந்தப் பொருளும் தனக்கு அடங்கும் என்று ஓர் எண்ணம். எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றைத் தபாலில் வரவழைத்து ஆறு மாதத்து இதழ்களையும் படித்து முடித்தார். தம் கல்யாணத்துக்கு என்று மாமியார் வைத்துவிட்டுப் போன சங்கிலியை எடுத்துக்கொண்டு மதராசுக்குப் புறப்பட்டார். ரோட்டைப் பார்த்து நடக்க ஓர் ஆள் வேண்டுமே என்று நானும் கூடப் போனேன்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு சின்னக் கடை. கடைக்காரர் எங்கள் இருவருக்கும் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தார். சார் வரவில்லையா என்று கேட்டார். நான்தான் சார் என்றார் அக்கா. அதற்குப் பிறகு அவர் ஒழுங்காகச் சாமான்களை எடுத்துவைத்தார். மதர்போர்டு ஒன்று, கரண்ட் கொடுக்கிற பெட்டி ஒன்று, பிளாப்பி போடுகிற டிரைவ் ஒன்று, அதில் போட ஒரு பிளாப்பி, பச்சை எழுத்துத் தெரிகிற மானிட்டர், அதற்கு ஒரு கார்டு, குழாயில் அடுக்கிய பூரான் குட்டிகள் மாதிரி மெமரி சிப்புகள். கரண்ட் பெட்டியிலிருந்து மதர்போர்டுக்கு வருகிற இரண்டு பிளக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், மாட்டும்போது கறுப்பு வயரும் கறுப்பு வயரும் நடுவில் பக்கம்பக்கமாக வர வேண்டும், மாறினால் மொத்தமும் புகைந்துவிடும் என்று மூன்று தடவை சொன்னார். அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வயரைப் பார்த்தவள் நான்தான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

கீபோர்டு மட்டும் வாங்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் ஸ்டோரில் பழையதைக் கழித்துவிடுகிறார்கள் என்றும் நல்ல நிலையில் ஒன்றை அனுப்புகிறேன் என்றும் எழுதியிருந்தார். லீவில் வந்த ஒருவர் கையில் பார்சல் வந்தது. எனக்கான பேப்பர் அதில்தான் இருக்கிறது என்று நினைத்து நானே பிரித்தேன். ஒரு நல்ல பூத்துண்டு இருந்தது, சரி, துண்டாவது நமக்கு என்று பார்த்தால் அதற்குள் சுற்றி வைத்திருந்தது கீபோர்டு. எனக்கு ஒரு சோப்பு. அக்கா கீபோர்டை என் மடியிலிருந்து எடுத்து, என் முகத்தைப் பார்த்தபடியே விரல்களை அதன் மேல் ஒரு ஓட்டு ஓட்டி, பரவாயில்லை, மிருதுவாக இருக்கிறது என்றார். துண்டையும் எடுத்துக்கொண்டார், தூசி படாமல் மூடிவைக்க.

இத்தனையையும் உள்ளே வைக்க ஒரு பெட்டி வேண்டுமே. அதை மதராசில் வாங்கவில்லை. விழுப்புரம் ரோட்டில் பீரோ பட்டறை வைத்திருந்த பாயிடம் போய், காற்றில் இரண்டு கையையும் விரித்து அளவு காட்டிவிட்டு வந்தார் அக்கா. ஒரு வாரத்தில் பாய் தாமே சுமந்து வந்தார். கனமான பீரோத் தகடு, பச்சை சாம்பல் பெயிண்ட், சுழற்றுகிற கைப்பிடி, சாவியோடு பூட்டு. காற்றுப் போக ஓட்டை போடச் சொன்னதை அவர் பொருட்டாக எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு ஒரு தாமரைப் பூ போட்டிருந்தார். கதவில் கண்ணாடி பதிக்கவும் இடம் விட்டிருந்தார். கண்ணாடி வேண்டாம் என்று அக்கா சொன்னதில் அவருக்கு வருத்தம். பூட்டு எதற்கு பாய் என்று கேட்டேன்.

"பூட்டு இல்லாத பொட்டி என் பட்டறைல இருந்து வெளிய போனதில்லம்மா," என்றார். "உள்ள இன்னா வெச்சிக்கறீங்கன்றது உங்க இஷ்டம்."

அந்தச் சாவியை அக்கா தம் இடுப்புக் கொத்தில் கோத்துக்கொண்டார்.

பூசை அறையிலிருந்து மணைப்பலகையை எடுத்து வந்து மேஜையில் போட்டு, அதன் மேல் கம்ப்யூட்டரைக் கட்டினோம். கட்டினோம் என்று சொல்கிற உரிமை எனக்கு உண்டு. அவர் கை பெட்டிக்குள் இருக்கும், கண் சுவர்க் காலண்டரில் இருக்கும். ஸ்க்ரூ விழுந்தால் நான்தான் டார்ச் அடித்துத் தேடுவேன். கறுப்பு வயர் பிளக்குகளை மாட்டும் நேரம் வந்தபோது நான் சீட்டை எடுத்து வாசித்தேன். ஒரே ஒரு தடவை குனிந்து பாருங்களேன் அக்கா, புகைந்துவிடப் போகிறது என்று கெஞ்சினேன்.

"நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப போதும்," என்று சொல்லிவிட்டு அழுத்தி மாட்டினார்.

அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை நம்பி ஒருவர் ஒரு சங்கிலியின் விலையை அழுத்தி மாட்டினாரே என்று.

முதல் தடவை ஸ்விட்ச் போட்டபோது ஃபேன் மட்டும் சுற்றியது. அக்கா பத்திரிகையைப் படித்துவிட்டு, போர்டில் இருக்கிற பொடி ஸ்விட்சுகள் கலர் மானிட்டருக்கு வைத்தபடி இருக்கின்றன என்று கண்டுபிடித்தார். மாற்றியதும் பீப் என்று ஒரு சத்தம் வந்து திரையில் பச்சையாக எண் ஓடியது. பாதியில் நின்றது. மெமரியைக் குறைத்துக் காட்டுகிறது என்றார். அவர் தடவித் தடவிக் குத்திய சிப்புகளில் ஒன்றின் கால் மடங்கி அடியில் போயிருந்ததை டார்ச் அடித்துக் கண்டுபிடித்தது நான். அதை நிமிர்த்திய சாமணமும் என்னுடையதுதான். பெட்டியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடித்தது தனிக் கதை. லைன்மேன் வந்து பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை என்று முருங்கை மரத்தடியில் குழி எடுத்து உப்பும் அடுப்புக்கரியும் கொட்டி ஒரு குழாயை நட்டார். குழி காயக் கூடாது, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றார். அன்றிலிருந்து காலையில் துளசிக்கு ஒரு சொம்பு, கம்ப்யூட்டருக்கு ஒரு சொம்பு.

கடைசியில் ஒருநாள் எண் முழுசாக ஓடி முடிந்து, திரையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. அக்கா கீபோர்டை மாட்டினார். திரையைப் பார்த்தபடி பத்து விரலையும் வைத்து, முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரைக்கும் நிறுத்தாமல் அடித்தார். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

"எழுந்துடுச்சிடி," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அதிகாரி வருகிற வரைக்கும் கீபோர்டில் வேறு யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு. அந்தப் பூத்துண்டைப் போட்டு மூடிவைப்பார். தினமும் காலையில் துண்டுக்கு அடியில் கையை விட்டு அரை மணி நேரம் அடித்துப் பார்ப்பார். நான் கண்டுபிடித்த சிப்புக் காலால் ஓடுகிற கம்ப்யூட்டரில் நான் கை வைக்கக் கூடாதாம். ஒரு மத்தியானம் அவர் கம்யூன் ஆபீசுக்குப் போயிருந்தபோது ஸ்விட்சைப் போட்டேன். துண்டை விலக்கினேன். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, ஒற்றை விரலால் என் பெயரை அடித்தேன்.

திரையில் வந்தது என் பெயர் இல்லை. ஏ அடித்தால் க்யூ விழுந்தது. எம் அடித்தால் அரைப்புள்ளி விழுந்தது. ஸ்விட்சை அணைத்து, துண்டைப் பழையபடி மூடி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். கெடுத்துவிட்டேன் என்று நிச்சயமாக நம்பினேன். ஆனால் மறுநாள் காலையில் அக்கா அடிக்க, எல்லாம் சரியாக வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அப்படியென்றால் பெட்டிக்கு என்னைத்தான் பிடிக்கவில்லை, சொந்தக்காரியின் குணம் அதற்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்தேன். சொல்லிவிடலாமா என்று நாலைந்து தடவை வாய் வரைக்கும் வந்தது. தொட்டதைச் சொல்ல வேண்டுமே என்று விழுங்கிவிட்டேன்.

அதிகாரி ஒரு பியூனோடு ஜீப்பில் வந்தார். மதகடிப்பட்டுக்காரர். நானும் லோயர், ஹையர் எல்லாம் பாஸ் பண்ணி டைப்பிஸ்டாகச் சேர்ந்து மேலே வந்தவன்தான் என்று உட்காரும்போதே சொன்னார். இப்போது தமக்கு டைப் செய்து கொடுக்க மூன்று பேர் இருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்து, இதில் புடவையும் வைக்கலாமோ என்று சிரித்தார். பியூனும் சிரித்தார். இரண்டு பேட்ச் பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்றிருந்தார்கள். நான் அடுக்களை வாசற்படியில் நின்றேன்.

அக்கா அடித்துக் காட்டினார். கம்யூன் பெயர், இன்ஸ்டிடியூட் பெயர், அதிகாரியின் பதவி எல்லாம் பச்சையாக வரிசை கட்டி நின்றன. நீங்கள் அடிப்பது இருக்கட்டும், நான் அடித்துப் பார்க்க வேண்டும் என்று அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்து, வலது கை ஆட்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தம் ஊர்ப் பெயரை இங்கிலீஷில் அடித்தார். முதல் எழுத்தான எம் வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நின்றது. ஏ வர வேண்டிய மூன்று இடத்திலும் க்யூ. அழித்துவிட்டு மறுபடி அடித்தார். மறுபடி அதே.

அக்கா அவர் தோளுக்குப் பின்னாலிருந்தே கையை நீட்டி, திரையைப் பார்த்தபடி அதே பெயரை அடித்தார். மதகடிப்பட்டு அச்சாக வந்தது. அதிகாரி இன்னொரு தடவை அடித்தார். க்யூ வந்தது.

"வயர எங்கியோ மாத்திக் குடுத்துட்டீங்கம்மா," என்றார் அதிகாரி. கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க கைக்கு மட்டும் வேல செய்யற மிஷின வெச்சினு இருவது பேருக்கு எப்படிக் கத்துக் குடுப்பீங்க?"

நியாயமான கேள்வி. பியூன் ஃபைலைப் பிரித்துப் பேனாவை எடுத்துக் கொடுத்துவிட்டார். சுவரோரம் நின்ற பெண்களில் ஒருத்தி தாவணி முனையை வாயில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு வைகாசியில் கல்யாணம் வைக்கலாமா, இல்லை கம்ப்யூட்டர் படிப்பு முடியட்டுமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக இருந்தார்கள். அக்கா அப்போதும் நேராகத்தான் நின்றார், ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை. அவரை அப்படிப் பார்க்க என்னால் முடியவில்லை. வாசற்படியை விட்டு முன்னால் வந்துவிட்டேன்.

"அக்கா, நான்தான் கெடுத்துட்டேன்," என்றேன். "நீங்க இல்லாதப்ப ஒருநாள் தொட்டேன். எனக்கும் இப்படித்தான் க்யூ க்யூவா வந்துது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்கா என்னைத் திட்டவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படி அடிச்ச?"

"எப்படின்னா? எழுத்தப் பாத்துதான்."

அக்கா அதிகாரி பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் ரத்தம் திரும்பி வந்திருந்தது.

"சாரும் எழுத்தப் பாத்துதான் அடிச்சீங்க," என்றார். மேஜையின் ஓரத்தில் மடித்துவைத்திருந்த பூத்துண்டை எடுத்தார். கீபோர்டின் மேலும், அதன் மேல் இருந்த அதிகாரியின் கையின் மேலும் போர்த்தினார். நிற்கிற பெண்களுக்குத் தினமும் செய்வது போலத்தான் செய்தார். "ஹையர் பாஸ் பண்ணவரு நீங்க. கீழ பாக்காம அடிங்க சார்."

பியூன் வாயைத் திறந்தார், அதிகாரி தலையை அசைத்து நிறுத்தினார். ஹையர் பாஸ் என்ற வார்த்தை அவரைத் தைத்திருக்க வேண்டும். துண்டுக்கு அடியில் இடது கையையும் கொண்டு போனார். விரல்கள் தங்கள் இடத்தைத் தேடி உட்கார்வது துணியின் மேலே தெரிந்தது. நிமிர்ந்து திரையைப் பார்த்து மெதுவாக அடித்தார். எம் வந்தது. ஏ வந்தது. ஊர்ப் பெயர் முழுசாக வந்தது. பிறகு தம் பெயரை அடித்தார், இலாகா பெயரை அடித்தார், வேகம் பிடித்து வேறு என்னென்னவோ அடித்தார். நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னால்தான் நிறுத்துவார் போலிருந்தது. இருபது வருஷமாகியும் விரல் மறக்கவில்லையே என்று பியூனிடம் இரண்டு தடவை சொன்னார். காப்பி குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

ஜீப் தெரு முனை திரும்பும் வரைக்கும் அக்கா பொறுத்திருந்தார். பிறகு பெண்களைப் பார்த்து, கீழே பார்த்தால் ஆபீசருக்கே தப்பாகத்தான் வரும், பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா என்றார். பெண்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பெட்டிக்கே குனிகிறவர்களைப் பிடிக்காது என்று சாயங்காலத்துக்குள் வில்லியனூர் முழுவதும் பரவிவிட்டது. பீரோ பாய் அது தம் தகட்டின் குணம் என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லாரும் போன பிறகு துண்டை மடிக்கப் போனேன். மடித்தவள் கீபோர்டைப் பார்த்தேன். இந்தத் தடவை பயம் இல்லாமல், நின்று நிதானமாகப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரரின் பட்டாள ஆபீஸ் எழுத்துகள். எனக்கு டைப் தெரியாது. ஆனால் ஒன்றரை வருஷம் அடுக்களையிலிருந்து கேட்டு, மேல் வரிசை க்யூவில் ஆரம்பிக்கும் என்பது எனக்கு மனப்பாடம். இதில் ஏ முதலில் இருந்தது. க்யூ அடுத்த வரிசைக்குப் போயிருந்தது. எம், எல்லுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது.

"அக்கா," என்றேன். "இத ஒரு தடவ பாருங்க."

"நீ பாத்தா போதும்."

"போதாது. நீங்க பாக்கணும்."

குனிந்தார். அந்தக் கீபோர்டு வந்து ஆறு வாரம். தினமும் காலையில் அரை மணி நேரம் அதில் அடித்தவர், அன்றைக்குத்தான் அதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிரான்சுக்காரர்கள் எழுத்தை வேறு வரிசையில் வைக்கிறார்கள் என்பது அவருக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. மதராசில் வாங்கிய பிளாப்பி இங்கிலீஷ் வரிசையில் ஓடுகிறது என்பதும் விளங்கிவிட்டது.

"பொட்டிக்கு எழுத்து தெரியாதுடி," என்றார் மெதுவாக. "அதுக்கு எடம்தான் தெரியும். மேல இன்னா எழுதியிருந்தா அதுக்கு இன்னா."

முதல் நாளே ஒரு தடவை குனிந்திருந்தால் இது தெரிந்திருக்கும். அதிகாரியிடம் ஒரு வரியில் சொல்லி முடித்திருக்கலாம். குனியாத வீம்பால் இன்ஸ்டிடியூட் போகப் பார்த்தது. அதே வீம்பால் பிழைத்தது. இதைச் சொல்லிக் காட்ட எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். எனக்கு அவர்மேல் அன்றைக்கு அவ்வளவு பிரியமாக இருந்தது.

அக்கா எழுந்து போய்ப் பரண்மேல் இருந்த கறுப்பு எனாமல் டப்பாவையும் இரண்டு பிரஷ்ஷையும் எடுத்து வந்தார். ஏ மேல் முதல் பொட்டு வைத்தார். வேறு வழியில்லாமல் குனிந்து, மூக்கு படுகிற தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, ஓரத்தில் வழியாமல் ஒவ்வொரு எழுத்தாக மறைத்துக்கொண்டு வந்தார். அவர் தலை குனிந்து நான் அன்றைக்கு முன்னால் பார்த்ததில்லை.

"அப்ப அன்னிக்கி மத்தியானம் நான் ஒண்ணும் கெடுக்கலதானே அக்கா?" என்று கேட்டேன்.

"கீழ பாத்துதான அடிச்ச?"

"ஆமா."

"அப்ப நீதான் கெடுத்த," என்றார், நிமிராமல். எம்மை மறைத்து முடித்து அடுத்ததற்கு நகர்ந்தார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, பிரஷ்ஷைப் பிடித்தபடியே சொன்னார்.

"தெருக்கதவ சாத்திட்டு வாடி. யாராவது பாத்துடப் போறாங்க."

சாத்திவிட்டு வந்து, இன்னொரு பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, அவர் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன்.